வெள்ளியங்கிரி அண்ணன் வண்டிக்குப் பொருந்திய நாள்

கணபதியில், பம்ப்செட் கம்பெனிகளுக்குப் பின்னால், லேத் சத்தம் ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாத எங்கள் தெருவில், இருக்கிறவர்களிலேயே உயரமான ஆள், இருக்கிறவர்களிலேயே குறைவான இடத்தை எடுத்துக்கொண்டு வாழ்ந்துவந்தார். அவர் பெயர் வெள்ளியங்கிரி. ஆறடி இரண்டங்குலம். அளந்துதான் சொல்கிறேன், ஏனென்றால் தெருமுனைத் தையல் கடை கிட்டுசாமி நான்தான், அந்தக் காலுக்கு எந்த ரெடிமேட் கடையிலும் பேண்ட் கிடைக்காததால் முப்பது வருடமாக அவருக்குத் தைத்தவனும் நான்தான்.

கம்பெனியில் ஷிப்டு ஆட்களை ஏற்றிவரும் வேனை இருபத்தெட்டு வருடம் ஓட்டினார். வேனின் கூரை தாழ்வு. கழுத்தை ஒருபக்கம் சாய்த்துத்தான் ஓட்ட முடியும், வேறு வண்டி தரட்டுமா என்று மேனேஜர் கேட்டபோது, எதுக்குங்க சிரமம், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேனுங்க என்றார். கல்யாண வீடுகளில் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மாமனார் சீராகக் கொடுத்த கட்டில் ஐந்தே முக்கால் அடி. மாற்றினால் மாமனார் மனசு நோகும் என்று காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு தூங்கினார், மாமனார் செத்துப் பதினாறு வருடம் ஆன பிறகும் அந்த முக்காலியை எடுக்கவில்லை. அட்ஜஸ்ட் பண்ணிக்கறேனுங்க என்பது அவர் வாயில் வெற்றிலை மாதிரி எப்போதும் ஊறிக்கொண்டிருந்த வார்த்தை. நாங்களும் அதை நம்பித்தான் தண்ணி லாரி வரிசையில் அவருக்கு முன்னால் போய் நின்றோம், எங்கள் வண்டிகளை அவர் வாசலில் நிறுத்தினோம், அவர் மாடிக் கொடியில் எங்கள் துணிகளைக் காயப்போட்டோம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இருபது வயதில் ஒரு மில் வாசலில் கேட் திறந்துவிடும் வேலையில் இருந்தபோது, முதலாளி வீட்டுப் பையன் ஒருநாள் பச்சை நிறத்தில், கூரையில்லாத, இரண்டே சீட்டுள்ள வெளிநாட்டுப் பந்தயக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு உள்ளே போனான். கேட் திறந்து மூடுகிற நேரம்தான் அவர் அதைப் பார்த்தார். வண்டியைவிட அவர் மனதில் நின்றது அந்தப் பையனின் முழங்கை. கதவுக்கு மேல், காற்றில், யாருக்கும் இடம் விடாமல் அகலமாக நீட்டியிருந்த முழங்கை. ரிட்டையர் ஆனதும் அன்னூர்ப் பக்கம் இருந்த ஒரு துண்டு நிலம் விலை போக, தன் மனைவி சாந்தாமணி அக்காவிடம் நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த முழங்கையைப் பற்றிச் சொன்னார். அக்கா ஸ்கூட்டரை எடுத்து, அவரைப் பின்னால் உட்காரவைத்து, நேராக ஆவாரம்பாளையத்துக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் என்னையும் கையோடு வரச் சொன்னார்.

ஆவாரம்பாளையத்தில் பெர்னார்டு என்று ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்கு நகல் செய்வார். மேலே ஃபைபர் கூடு, உள்ளே நம் ஊர் எஞ்சின், பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். பெர்னார்டு யாரிடமும் முதலில் விலை பேச மாட்டார்.

“மொதல்ல போட்டுப் பாருங்க. செருப்பு வாங்கறப்ப போட்டுப் பாக்கறமில்லீங்க, அப்படித்தான். இது ஏறி உக்கார்ற வண்டி இல்லீங்க, போட்டுக்கற வண்டி. காலைல வெறும் வயித்துல ஒரு மணி நேரம், மத்தியானம் சோறு தின்னுட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. அதுக்கப்பறம் எந்திரிக்க மனசில்லைன்னா மேல பேசலாம்.”

மூன்று வண்டிகள் நின்றன. மூக்கு நீண்ட சிவப்பு வண்டியில் அவர் முழங்கால் உள்ளேயே போகவில்லை. கூரை போட்ட வெள்ளி நிற வண்டியில் பழைய வேனில் மாதிரியே கழுத்தைச் சாய்த்தார், அக்கா பார்க்கச் சகிக்காமல் இறங்கச் சொல்லிவிட்டார். மூன்றாவது பச்சை. அதில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு காலாக மடக்கி உள்ளே நுழைந்தார். ஸ்டீயரிங் தொடையில் இடித்தது, ஒரே பாதம் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தது, முன்கண்ணாடியின் மேல்சட்டம் சரியாகக் கண்ணுக்கு நேராக வந்து நின்றதால் சாலையைச் சட்டத்துக்கு மேலேயோ கீழேயோதான் பார்க்க முடிந்தது. ஆனாலும் அவர் இறங்கவில்லை. பெர்னார்டு டேப்பைப் போட்டுப் பார்த்தார்.

“நாலு அங்குலம் எச்சா இருக்கறீங்க. ஒண்ணும் பிரச்சனை இல்லீங்ணா. அடித்தட்ட வெட்டி எறக்கி, சீட்டத் தரையோட வெச்சு, ஸ்டீயரிங்கச் சின்னதாக்கிக் குடுத்தர்றேன். பதனஞ்சு நாள் வேலை.”

“அய்யோ, நல்லா இருக்கற வண்டிய எனக்கோசரம் வெட்டறதுங்களா. வண்டி அப்படியே இருக்கட்டுங்க. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேனுங்க.”

அன்று சித்திரை இருபத்தேழு. மறுநாள் காலையில் பேண்ட்டின் கால் தரையில் புரள்கிறது என்று என் கடைக்கு வந்தார். அளந்தேன். ஆறடி ஒன்றரை அங்குலம் இருந்தார். நான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, அரை அங்குலம் மடித்து அடித்துக் கொடுத்தேன்.

பட்டறைக்காரர்கள் நிறைந்த தெரு என்பதால் எங்களுக்கு எல்லாமே நூல் கணக்குதான், எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். அண்ணன் நூல் நூலாகக் குறைந்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி, இந்த வருடம் மாம்பழம் சீக்கிரம் வந்துவிட்டது என்பதுபோலத் தெருவில் பரவியது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல், சத்தாகச் சாப்பிடுங்கள் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர், இனி ரயிலில் கால் வெளியே நீட்டாமல் படுக்கலாம் என்று வாழ்த்தினார். தெருச் சங்கத் தலைவர், ஆதாரில் உயரம் போடுவதில்லை, ஆகவே கவலை இல்லை என்று எதற்கும் விசாரித்துச் சொன்னார். அண்ணனுக்கோ சந்தோஷம்.

“நூல் நூலா வண்டிக்குக் கிட்டத்துல போயிட்டிருக்கறேன் தம்பி,” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சனிக்கிழமைதோறும் அவர் பச்சை வண்டியில் உட்கார்ந்து பார்க்கப் போனார், தெருவில் பாதிப் பேர் புளிச்சோறும் தட்டைப்பயிறுமாகத் தூக்குப்போசியில் கட்டிக்கொண்டு கூடவே போனோம், அவர் முழங்காலுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் போன வாரம் நுழையாத விரல் இந்த வாரம் நுழைவதை ஒவ்வொருவராகக் குனிந்து நுழைத்துப் பார்த்தோம், பெர்னார்டு எங்களுக்கென்று நாலு பெஞ்சு வாங்கிப் போட்டார். நல்ல நாட்களாகத்தான் அவை இருந்தன.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் சாந்தாமணி அக்கா. காந்திபுரம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் வந்து, சித்த அட்ஜஸ்ட் பண்ணுங்க என்றார். அண்ணன் பண்ணிக்கிறேனுங்க என்றார். சொன்ன அந்தக் கணமே அவருடைய முழுக்கைச் சட்டை மணிக்கட்டைத் தாண்டி ஒரு நூல் கீழே இறங்கியதை அக்கா கண்ணால் பார்த்தார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து, தைக்க வந்த மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கிட்டு, அந்த வார்த்தைய இந்தத் தெருவுல ஒருத்தரும் அவருகிட்டச் சொல்லக்கூடாது. அவரையும் சொல்ல வெக்கக்கூடாது. எனக்குப் பயமா இருக்குதப்பா.”

“நான் எல்லாத்துகிட்டயும் சொல்லியர்றேனுங்க்கா.”

“சின்ன விஷயத்துக்கு நூலளவு போகுது. அவரு மனசார ஆசைப்பட்டத விட்டுக்குடுத்தா அரை அங்குலம் போகுது. கார வெட்ட வேண்டாம்னு சொன்னாரே, அன்னைக்கு அரை அங்குலம். நான் கணக்கு வெச்சிருக்கறேன்.”

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அக்கா ஒரு அட்டையில், தயவுசெய்து இவரிடம் எதுவும் கேட்காதீர்கள் என்று எழுதிக் கேட்டில் மாட்டினார். வந்தவர்கள் அதை நின்று படித்தார்கள், படித்து முடித்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, அட்டையைச் சுவரோரமாக மாட்டினால் எங்களுக்கு வண்டி நிறுத்தத் தோதாக இருக்கும் என்றார்கள். அவர் சுவரோரமாக மாட்டினார். அதில் ஒன்றரை நூல் போயிற்று.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. எங்களில் யாருக்கும் அவர் மேல் ஒரு துளி வெறுப்பு கிடையாது, இதை அழுத்திச் சொல்கிறேன். ஆனால் அந்த வார்த்தை இல்லாமல் ஒரு நாளை எப்படி ஓட்டுவதென்று எங்களுக்குத் தெரியவில்லை. சில்லறை இல்லையென்றால் அதைத்தான் சொல்வோம், கரண்ட் போனால் அதைத்தான் சொல்வோம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றாலும் அதைத்தான் சொல்வோம். நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்தினோம், நிறுத்திய பிறகும் அவர் எங்கள் முகத்தைப் பார்த்து, நாங்கள் சொல்லாததைப் புரிந்துகொண்டு, பரவால்லீங்க, பண்ணிக்கறேன் என்றார். அக்கா பெர்னார்டிடம் போய் வண்டியை இப்போதே வெட்டுங்கள் என்று மன்றாடினார். பெர்னார்டு கட்டரைக்கூட எடுத்துவிட்டார். அண்ணன்தான், இன்னும் அஞ்சே நூல், அதுக்குள்ள எதுக்கு என்று தடுத்தார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அவர் பொருந்தினார். ஐந்தடி பத்தங்குலம். காலை நீட்டி உள்ளே நழுவினார், எதுவும் இடிக்கவில்லை. மூன்று பெடலுக்கும் பாதம் தனித்தனியாகப் போனது. கண்ணாடிச் சட்டம் புருவத்துக்கு மேலே நின்றது. வெயிலுக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், வலது முழங்கையைத் தூக்கிக் கதவின் மேல் வைத்தார், பிறகு எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு அதை இன்னும் கொஞ்சம் அகலமாக நீட்டினார். அறுபது வருடத்தில் அவர் அத்தனை இடம் எடுத்து நாங்கள் பார்த்ததில்லை. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

பெர்னார்டு சாவியை அவர் கையில் வைத்தார். “பொருந்திட்டீங்க. எதுவும் யோசிக்காதீங்க, இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்ணா.”

அப்போது ஒருவன் வாயைத் திறந்தான். அந்த ஒருவன் நான்தான். என் கடைச் சுவரில் நாள்காட்டி மாட்டியிருக்கிறேன், தினமும் காலையில் தாள் கிழித்துவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொடுவேன்.

“இன்னைக்கு ஆடி ரெண்டுங்களே,” என்றேன்.

ஆடியில் யாராவது வண்டி எடுப்பார்களா. பெர்னார்டு, எங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒண்ணுதானுங்க, சர்ச்சுல இருந்து ஃபாதரக் கூட்டியாந்து மந்திரிச்சே குடுத்தர்றேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். எங்களால் துணிய முடியவில்லை. சரி, சாமியிடமே பூக் கேட்டுவிடலாம் என்று மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வெள்ளைப்பூ வந்தால் இன்றே எடுப்பது, செவ்வரளி வந்தால் ஆவணி. பொட்டலத்தைப் பிரித்தால் வெள்ளை. கூடியிருந்தவர்களுக்கு அது திருப்தியாக இல்லை, மறுபடி கேட்டோம், வெள்ளை. மூன்றாம் தடவையும் வெள்ளையே வந்தது. பூசாரியே எடுத்துக்கோங்க என்றார். ஆனால் சாமி சொல்லிவிட்டால் ஆயிற்றா, நாளைக்கு ஒன்று ஆனால் ஊரில் கேட்பார்களே, சாமியா வந்து பதில் சொல்லும் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் இருப்பதாக எல்லோருக்கும் பட்டது. அக்காகூடத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் சாவியைப் பெர்னார்டிடம் திருப்பிக் கொடுத்தார். முப்பது நாள்தானே, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேனுங்க என்றார். கோயில் படியிலேயே அவருடைய பேண்ட் செருப்பை மூடியது.

அந்த ஆடி மாதம் முழுவதும் தெருவில் ஒவ்வொருவரும், தினமும், அவருக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள். வெறுங்கையோடு போகவில்லை, கம்பங்கூழும் முருங்கைக்கீரையும் கொண்டு போனார்கள். உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாசம் கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிருமுங்க என்றார்கள், அவர் ஆமாமுங்க, பொறுத்துக்கலாமுங்க என்றார், அது அவர் ஆசைப்பட்ட ஒரே பொருள் என்பதால் ஒரு நாள் ஆறுதலில் ஓர் அங்குலம் போயிற்று. அக்கா கதவைச் சாத்தினால் ஜன்னலில் வந்து சொன்னார்கள். ஜன்னலைச் சாத்தினால் போன் செய்தார்கள். திங்கட்கிழமை நான் தைத்துக் கொடுத்தது புதன்கிழமை பெரிதாகிவிட்டது. அவருக்கு நேராக நின்று அளந்தவன், ஸ்டூலில் உட்கார்ந்து அளந்தேன், பிறகு முட்டி போட்டு அளந்தேன், பிறகு அவரையே வெட்டும் மேஜைமேல் நிறுத்தி அளந்தேன். அப்போதும் அவர், உங்களுக்குத்தான் வேலை மேல வேலை குடுத்துட்டேன் தம்பி என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது.

ஆவணி முதல் தேதி, பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம். அக்கா ஸ்கூட்டரை ஓட்டிவந்தார், அண்ணன் முன்னால், அக்காவின் இரண்டு கைகளுக்கும் நடுவில், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார். மூன்றடி ஒரு அங்குலம் இருந்தார். நான் தைத்த புதுப் பேண்ட், முந்தின நாள் அளவு, காலுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் புரண்டது. ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு பட்டறைத் தரையிலேயே குனிந்து மடித்துக் குத்த ஆரம்பித்தேன்.

பச்சை வண்டிக்கு மாலை போட்டிருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். சும்மா பார்க்கத்தான் வந்தாராம். நாங்கள் வருவதற்குள் அதில் உட்கார்ந்து பார்த்தவருக்கு, எந்தச் சிரமமும் இல்லாமல், அளவெடுத்ததுபோல் பொருந்திவிட்டது. விட்டு விலக மனசில்லாமல் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி கையில் அண்ணனுக்கென்று தயாராக வைத்திருந்த ஆரத்தித் தட்டு, நல்ல நேரம் முடிய பதினோரு நிமிடம். தோப்புக்காரர் கெட்டவர் இல்லை, மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

“பெரியவரு கோவிச்சுக்காம இருந்தா நாங்க எடுத்துக்கறமுங்க. அவருக்குத் தக்கன வேற ஒண்ணு செஞ்சு குடுங்க, அது வரைக்கும் நாங்க வேணா வந்து இந்த வண்டியிலயே கூட்டிட்டுப் போறமுங்க.”

பெர்னார்டு நிமிர்ந்து நின்றார். “இது அண்ணனோட வண்டிங்க. அவரு வேணும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பெடலுக்குக் கட்டை வெச்சு, சீட்டத் தூக்கி, இன்னைக்கே வேலைய ஆரம்பிச்சர்றேன். வேண்டாம்னா உங்களுக்கு. அவரே சொல்லட்டும்.”

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அக்கா, சொல்லுங்க, சொல்லுங்க என்று உதட்டை மட்டும் அசைத்தார். அண்ணன் வண்டியைப் பார்த்தார். தோப்புக்காரரைப் பார்த்தார். பிறகு அவர் வாய் திறந்து ஏதோ சொன்னார்.

அந்த உயரத்தில் அவர் குரலும் சின்னதாகிப் போயிருந்தது, பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவர் காலடியில் குனிந்திருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. “எனக்கு இந்த வண்டி வேணும் தம்பி. நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

“என்ன சொல்றாரு?” என்று பெர்னார்டு என்னைக் கேட்டார்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தோப்புக்காரர் கை கூப்பிக்கொண்டு நின்றார். ஆரத்தித் தட்டில் கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள், நல்ல நேரம், மங்கல காரியம், இதில் போய் முகத்தை முறித்துக்கொண்டு எப்படி. நான் நிமிர்ந்து அவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு மூச்சு போதும். சொல்வதற்குத்தான் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தேன், சத்தியமாக அதற்குத்தான் எடுத்தேன். ஆனால் என் தலை பெர்னார்டு பக்கம் திரும்பாமல் அண்ணன் பக்கம் திரும்பியது, என் வாய், ஐம்பத்தெட்டு வருடமாகச் சோறு தின்ற அதே வாய், குழைந்துகொண்டு பேசியது.

“இந்த ஒருவாட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கண்ணா.”

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி தம்பி,” என்றார்.

தோப்புக்காரர் மனைவி ஆரத்தி சுற்றினார். எலுமிச்சை நசுங்கியது, வண்டி ஒரு உறுமலோடு வெளியே போனது, எல்லோரும் கைதட்டினார்கள். நான் குனிந்தேன். என் ஒரு கையில் ஊசிகள் இருந்தன, இன்னொரு கையில் புதுப் பேண்ட்டின் மடிப்பு இருந்தது, அதற்கு மேலே துணி மட்டும்தான் இருந்தது.

சாந்தாமணி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தரையில் உட்கார்ந்து, அந்தப் பேண்ட்டையும் சட்டையையும் உதறிவிடாமல் மெதுவாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரல்நுனியால் ஒவ்வொரு மடிப்பாகத் தடவித் தேடத் தொடங்கினார்.